கிழக்கு கோலுக்குப் பின்னால்

எங்கள் அணி இந்த வருடம் கோப்பையை வாங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. போன வருடமும் இருந்ததில்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. நம்பிக்கை எனக்குச் சர்க்கரை வியாதி மாதிரி. ஒரு முறை வந்தது, போக மறுக்கிறது, அதை வைத்துக்கொண்டே வாழப் பழகியாயிற்று.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. வீடு திருவள்ளூரில், கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. இதனால் என் விசுவாசம் எந்த ஊருக்கு என்று சொந்தக்காரர்களுக்குள் ஒரு குழப்பம் உண்டு. ஹாக்கியில் குழப்பமே இல்லை. தூங்குவது திருவள்ளூரில், தொண்டை கட்டுவது கும்மிடிப்பூண்டிக்காக.

பேட்டை அணி என்றால் ஃபிட்டர், வெல்டர், கிரேன் ஓட்டுகிறவர், உலைக்காரர் எல்லாம் கலந்தது. ஷிஃப்ட் முடிந்து சோப்புப் போட்டும் போகாத கருப்போடு மைதானத்துக்கு வருவார்கள். எதிரில் திருவள்ளூர் டவுன் அணி. வாத்தியார்கள், வங்கிக்காரர்கள். இரண்டு காலிலும் காலுறை ஒரே உயரத்தில் நிற்கும். மாவட்ட லீக்கின் இறுதி ஆட்டத்தில் இரண்டு வருடமாக அவர்களிடம் தோற்றோம். இந்த வருடம் விதியை மாற்றி, இறுதியை மூன்று ஆட்டங்களாக்கிவிட்டார்கள். இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், இரண்டாவது திருவள்ளூரில், தேவைப்பட்டால் மூன்றாவது ஊத்துக்கோட்டையில்.

"நல்ல ஏற்பாடு அத்திம்பேர். முன்னெல்லாம் அவசர அவசரமாத் தோத்தேள். இனிமே நிதானமாத் தோக்கலாம்" என்றான் என் மைத்துனன்.

இவன் என் மனைவியின் தம்பி. கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். புளியோதரையில் எப்படிக் கை தவறாதோ அப்படியே டவுன் அணிமேல் பக்தியும் தவறாது. எங்கள் வீட்டில் வந்து, எங்கள் காப்பியைக் குடித்து, எங்கள் அணியைத் திட்டிவிட்டுப் போவான். இரண்டு வருடமாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அதற்குப் புளியோதரை ஒரு காரணம்.

நான் லீக் ஆட்டங்களை எப்படிப் பார்ப்பேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவை எல்லாம் வார நாட்களில், மாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் நடக்கும். அதே நேரத்தில்தான் எங்கள் கம்பெனி பஸ் திருவள்ளூருக்குக் கிளம்பும். அதை விட்டால் பெரியபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. என் முதுகெலும்பு அந்த யோசனையை எப்போதோ நிராகரித்துவிட்டது. ஆகவே மைதானச் சுவரை ஒட்டி பஸ் போகும்போது எழுந்து நின்று பார்ப்பேன். டிரைவர் நல்லவர். அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போவார். ஒரு பாஸ், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஷாட். கோலா இல்லையா என்பது மறுநாள் கேன்டீனில்தான் தெரியும். முழுசாக உட்கார்ந்து பார்ப்பது ஞாயிறு காலையில் நடக்கும் இறுதி ஆட்டம் ஒன்றை மட்டுமே. வருடம் முழுக்கச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தவனுக்கு அந்த ஒரு காலை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தின திங்கட்கிழமை, எங்கள் கேப்டன் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். எதையும் ஸ்பேனரை வைத்துத் தீர்க்கலாம் என்று நம்புகிறவர்.

"சார், எங்களுக்கு ஒரு கிளாஸ் எடுங்க. ரெண்டு தபா ஃபைனல்ல ஊத்திக்கினோம். இன்னா காரணம்னு பாக்காம மூணாவது தபா எறங்குனா இன்னா அர்த்தம்?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் வகுப்பு கேட்டதில்லை. வார்ப்பில் குமிழி விழுந்தால் அதன் காரணத்தை எப்படித் தேடுவது என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். எல்லோரும் மேலிடத்து உத்தரவில் வந்து, மேலிடத்து உத்தரவில் தூங்குவார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாப்பாட்டு ஐட்டம் எழுதும் கரும்பலகையில் எலுமிச்சை சாதத்தை அழித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"குறை வரும்போது இருக்கிறது, குறை வராதபோது இல்லை. அப்படி ஒன்று எதுவோ, அதுதான் காரணம். லீக்கில் இதே டவுன் அணியை ஜெயித்தோம். ஃபைனலில் தோற்றோம். என்ன மாறியது?"

"கிரவுண்டு?" என்றார் கேப்டன்.

"அதே கிரவுண்டு தான்" என்றது பின்னால் ஒரு குரல்.

"ஆளு?"

"அதே பதினோரு பேரு."

"அம்பயரு?"

"அவரும் அதே ஆளு. லீக்லயும் திட்டினோம், ஃபைனல்லயும் திட்டினோம்."

பந்து அதே கம்பெனி. ஸ்டிக் அதே ஸ்டிக். இடைவேளையில் கொடுக்கும் ஆரஞ்சுகூட அதே கடை. ஒவ்வொன்றாக எழுதி எழுதி அழித்தேன். பாடம் இவ்வளவு சுத்தமாக எப்போதும் வந்ததில்லை. பலகை காலியாகிக்கொண்டே வந்தது.

எங்கள் கோல் கீப்பர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள். உலையில் இரும்பு உருக்கும் வேலை. பேச்சு குறைவு.

"சாரு வந்தாரு" என்றார்.

"இன்னா?" என்றார் கேப்டன்.

"லீக்குக்கு சாரு வர்ல, ஜெயிச்சோம். ஃபைனலுக்கு வந்தாரு, ஊத்திக்கிச்சி. ரெண்டு வருசமும் அப்டித்தான் நைனா."

கேப்டன் என் கையிலிருந்து சாக்பீஸை மரியாதையாக வாங்கி, பலகையில் 'சார்' என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். நல்ல வட்டம். ஃபிட்டர் கை அல்லவா.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "லீக் ஆட்டமும் பார்த்திருக்கிறேனே, பஸ்ஸிலிருந்து."

"அது பஸ்ஸு சார், போய்க்கினே கீது. நீங்க நிக்கல."

"ஒரு காரணத்தை இப்படி அவசரமாக முடிவு செய்யக் கூடாது."

"நீங்க தான சார் சொல்வீங்க, காரணத்த எடுத்துட்டா குறை போய்டும்னு. பேஜாரா நெனச்சிக்காதீங்க. இந்த தபா மட்டும் ஊட்லயே இருந்துக்குங்க. கோல் வுழ வுழ ஃபோன் பண்றோம்."

நான் சொல்லிக்கொடுத்ததிலேயே ஒழுங்காகப் படித்தது இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு போய் டீ குடித்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான் என் நிலைமையின் முழு அழகும் புரிந்தது. நான் இல்லாமல் எங்கள் அணி ஜெயித்தால், காரணம் நான்தான் என்று நிரூபணம் ஆகிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க மைதானம் பக்கம் போக முடியாது. தோற்றால் நான் நிரபராதி. ஆனால் கோப்பை போய்விடும். நான் விடுதலையாக ஒரே வழி, நான் உயிரைக் கொடுத்து நேசிக்கும் அணி தோற்பது. மனசாட்சியைச் சோதித்துப் பார்த்தேன். அணி ஜெயிக்கட்டும் என்றுதான் சொன்னது. கொஞ்சம் தாமதமாகச் சொன்னது, அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். மைத்துனன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அத்திம்பேர், இதெல்லாம் மூடநம்பிக்கை. நீங்க எவ்வளவு படிச்சவர். ஒரு மனுஷன் வந்து நின்னா ஒரு டீம் தோக்குமா? கட்டாயம் போகணும். ஞாயித்துக்கிழமை கார்த்தால நானே பைக்ல அழைச்சிண்டு போறேன்."

"உனக்கு என்மேல் திடீரென்று ஏன் இவ்வளவு அக்கறை?"

"பகுத்தறிவு" என்றான், நெற்றி நிறைய திருமண்ணோடு. "வேணும்னா மூணு ஆட்டத்துக்கும் அழைச்சிண்டு போறேன். பெட்ரோல் என்னோடது."

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்கோ" என்று உள்ளேயிருந்து வந்தாள் என் மனைவி. "அமாவாசைக்குக் குளத்துல வெல்லம் கரைச்சேனோன்னோ, உங்களுக்கும் சேர்த்துத்தான் கரைச்சேன்."

எங்கள் ஊர்க் குளத்தில் வெல்லம் கரைத்தால் வியாதியும் கரையும் என்பது வழக்கம். மருவுக்குக் கரைப்பார்கள், மூட்டுவலிக்குக் கரைப்பார்கள்.

"எனக்கு எந்த வியாதிக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர் இருக்கான்னு தெரியலை. பெருமாளுக்குத் தெரியும்."

இரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அலமாரியை ஒழிக்கலாம். பாதியில் நிற்கும் தடித்த புத்தகத்தை முடிக்கலாம். அதைப் பாதியில் நிறுத்தியதே போன வருட ஃபைனலுக்குப் போவதற்காகத்தான். கையில் எடுத்தால் முதல் வரியிலேயே பெனால்டி கார்னர் விசில் கேட்டது.

புதன்கிழமை காலை பஸ்ஸில் தூக்கம் வராமல், டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பெரியபாளையத்தை அடுத்த ஆரணியைத் தாண்டுகிற நேரம். சூரியன் நேர் எதிரே, சாலையின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. டிரைவர் ஒரு கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"நீங்கல்லாம் ஸ்கிரீன இழுத்துவுட்டுக்கினு தூங்குறீங்க. எனுக்கு மூஞ்சில அடிக்குது" என்றார். "சரி, காலைல தான் இப்டினு பாத்தா, சாய்ந்தரம் ஊட்டுக்குத் திரும்பும்போதும் மூஞ்சில தான் அடிக்குது. எனுக்குன்னே எடம் மாறிக்கினு வந்து நிக்குது சார் இந்த வெயிலு."

அவர் சொன்னது சாலையைப் பற்றி. என் தலைக்குள் ஓடியது மைதானம்.

எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மேற்கு கோலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அம்மன். எங்கள் கீப்பர் கற்பூரம் ஏற்றி, அம்மன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்கு கோலில் நின்றுதான் எந்த ஆட்டத்தையும் தொடங்குவார். டாஸ் போட்டால் டவுன் அணி பந்தைக் கேட்கும், நாங்கள் பக்கத்தைக் கேட்போம். பல வருட வழக்கம். லீக் ஆட்டம் மாலையில். அப்போது சூரியனும் அம்மனோடு சேர்ந்து கீப்பரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறுவதற்குள் ஷெட்டுகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். ஃபைனல் மட்டும் காலையில். அதே மேற்கு கோலில், அதே அம்மன் துணையோடு, கிழக்கே பார்த்துக்கொண்டு கீப்பர் நிற்கிறார். சூரியன் நேராகக் கண்ணுக்குள்.

இரண்டு ஃபைனலிலும் கோல் விழுந்தது முதல் பாதியில்.

பலகையில் எல்லாவற்றையும் எழுதினேன், நேரத்தை மட்டும் எழுதவில்லை. என்ன மாறியது என்று கேட்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். கேப்டன் ஒரு பம்பின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துவிட்டு, ஆள் அனுப்பிக் கீப்பரை வரவழைத்தார். உலைக்காரர்கள் போடும் நீலக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் வந்தார்.

"இன்னாடா, ஃபைனல்ல வெயிலு கண்ணுல அடிச்சிச்சா?"

கீப்பர் தரையைப் பார்த்தார். "அடிச்சிச்சி."

"பந்து தெரிஞ்சிச்சா?"

"வெள்ளையா ஒண்ணு வந்துச்சி. போய்டிச்சி."

"ஏண்டா சொல்லல?"

"நாள் முச்சூடும் உலைக்குள்ள பாக்குறவன், வெயிலு கண்ண கூசுதுன்னு சொன்னா இன்னா நைனா பேசுவானுங்க? ஊடு வரிக்கும் வந்து சிரிப்பானுங்க."

அங்கே நின்றிருந்த எல்லோரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. நீலக் கண்ணாடி இல்லாமல் உலையை அவரும் பார்ப்பதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போதுதான் தோன்றியது.

"ஆக, காரணம் நான் இல்லை" என்றேன், முடிந்தவரை பணிவாக.

கேப்டன் யோசித்தார். "வெயிலும் மாறிச்சி, சாரும் வந்தாரு. ரெண்டும் இருந்திச்சி. ரெண்டையும் எடுத்துடலாம் சார்."

"ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்தால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாதே."

"எங்களுக்கு தெரிய வாணாம் சார். கோப்பை வந்தா போதும்."

தரக்கட்டுப்பாட்டில் இத்தனை வருடம் இருக்கிறேன். என் மேலதிகாரியும் இதையேதான் சொல்வார்.

கிளம்பத் திரும்பினேன். அப்போது கீப்பர் வாயைத் திறந்தார். "நான் கிழக்க நிக்க மாட்டேன்."

"ஏண்டா?"

"அம்மா முதுகுக்குப் பின்னாடி இருந்தா தான் எனுக்கு காலு நிக்கும். கிழக்க இன்னா கீது? சைக்கிள் ஸ்டாண்டு. சைக்கிள் ஸ்டாண்ட நம்பி எப்டி நிக்கறது?"

கேப்டன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதிலேயே விஷயம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. வெயிலை நகர்த்த முடியாது. அம்மனையும் நகர்த்த முடியாது. ஆட்டத்தை மாலைக்கு மாற்றக் கேட்கலாம் என்றார் ஒருவர். டவுன் அணி சிரிக்கும் என்றார் இன்னொருவர். கறுப்புக் கண்ணாடி போட்டு ஆடலாம் என்று சொன்னவரை யாரும் பார்க்கக்கூட இல்லை.

கீப்பர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரகம் பிரிக்க வேண்டிய இரும்பைப் பார்ப்பது மாதிரி.

"சாரு நிக்கட்டும் அங்க" என்றார்.

"யாரு, சாரா? அவர தான வாணாம்னோம்?" என்றார் கேப்டன்.

"ஓரத்துல நின்னு கத்துனா தான் தோஷம். என் பின்னால வாய தொறக்காம நின்னா ஒண்ணும் இல்ல. அம்மாவும் பேசாது."

"அவரு ஐயங்காருடா."

"அத்தினி வருசம் நம்ம டீம்க்குன்னு பஸ்ஸுல எழுந்து நின்னுகினு போறாரு. அது போதும் எனுக்கு."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அங்கிருந்த பம்பைக் கவனமாகப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

"சார், கேட்டுக்குங்க" என்றார் கேப்டன். "வாய தொறக்கக் கூடாது. கார்னருக்கும் கூடாது. கோல் வுழுந்தாலும் கூடாது."

ஒப்புக்கொண்டேன். கல்யாணத்தின்போதுகூட இவ்வளவு நிபந்தனைக்கு நான் தலையாட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போதே மைத்துனன் பைக்கோடு வந்துவிட்டான். ஒரு தூக்கில் புளியோதரை, எனக்கென்று ஒரு ஹெல்மெட். வீட்டு வாசலில் என் மனைவி இரண்டு பேரையும் பார்த்து, "ஜெயிச்சவா தோத்தவாளைப் பத்திரமா அழைச்சிண்டு வாங்கோ" என்றாள். பெரியபாளையம் வரை அவன் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்கு டிரைவராக இருந்ததில்லை. வெயில் விஷயத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. நாளின் முதல் ஆட்டத்தை அங்கேயே ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது.

மைதானத்தில் வழக்கம்போல் நடுக்கோட்டுப் பக்கம் என்னை இழுத்தான். நான் கையை விடுவித்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.

"எங்கே போறேள்? அங்கேருந்து ஒண்ணும் தெரியாதே?"

நான் பேசவில்லை. விரதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

டாஸ் போட்டார்கள். டவுன் அணி பந்தைக் கேட்டது. எங்கள் கேப்டன் கிழக்கே கையைக் காட்டினார். டவுன் கேப்டன் ஒரு நிமிடம் வேப்பமரத்தைப் பார்த்தார், அம்மன் கோபித்துக்கொண்டு இடம் மாறிவிட்டதா என்பதுபோல. கீப்பர் மேற்கே போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, பேட் கட்டிய காலோடு மைதானத்தின் முழு நீளமும் நடந்து வந்து என் முன்னால் நின்றார். கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார். சூரியன் என் முதுகில் இதமாக அடித்தது. என் நிழல் வலையைத் தாண்டி, கோல் கோட்டைத் தாண்டி நீளமாக உள்ளே விழுந்திருந்தது. காலை மாத்திரை போட்டேனா என்று ஞாபகம் வரவில்லை. ஆனாலும் ஜெயிப்போம் என்பதில் சந்தேகம் இல்லை. இந்த முறை கையில் காரணம் இருந்தது.

விசில் ஊதி, எலுமிச்சம்பழம் உள்ளங்கையில் சூடாவதற்குள் டவுன் அணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. போன வருடம் எங்களைக் கொன்ற அதே ஆள் அடிக்க வந்து நின்றார். 'இடது பக்கம் பார்' என்று கத்த என் தொண்டை கிளம்பியது. பழத்தை இறுக்கிப் பிடித்து அதை அடக்கினேன். அடிக்கப்போகிறவர் கையைத் தூக்கிப் புருவத்தில் வைத்தார், டிரைவர் வைத்ததுபோலவே. அவருக்குப் பின்னால் தூரத்தில் மைத்துனனும் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தான்.

பந்து வந்தது. வெள்ளையாக, உருண்டையாக, மேலே உள்ள குழிகள்கூடத் தெரியும்படி வந்தது. கீப்பர் அவசரமே இல்லாமல் இடது காலை நீட்டி, அதைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கமாக உதைத்துத் தள்ளினார்.

ஒவ்வொரு தடுப்புக்கும் பிறகு திரும்பி அம்மனைக் கும்பிடுவது அவருடைய வழக்கம். வழக்கம் மாறவில்லை. திரும்பி, பெரிய இரண்டு கையுறைகளையும் சேர்த்துக் குவித்தார். கும்பிட்ட பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் கையை இறக்கவில்லை.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு எங்கள் குடும்பத்தில் முன்னுதாரணமும் கிடையாது. பழத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை லேசாக உயர்த்தினேன். வாயைத் திறக்கவில்லை.